கடைமடை ஊரும் நம் கடமையும்

(மருத்துவமனையைத் தாங்கும் நண்பர்களின் கூடுகையில் ஆற்றிய உரை)



"கிராம ஊழியத்திற்கு" என்று குறித்து நீங்கள் அனுப்பும் காணிக்கையைப் பெற்றுக்கொள்ளும் நாங்கள், கிராமம் என்பது எப்படிப்பட்டது என்று உங்களுக்குச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம். ஆகவே இன்று நோய்களைப் பற்றிப் பேசுவதற்கு முன் ஓர் ஊரைப் பற்றிப் பேச விரும்புகிறோம். அந்த ஊரின் பெயர் பனமலை.

செஞ்சி என்றால் அனைவருக்கும் கோட்டை நினைவுக்கு வரும். 1714-ல் மாண்ட தேசிங்கு ராஜனின் கதையைக் கேளாதவர் நம்மில் இல்லை. 2025-ல் அந்தக் கோட்டை உலகப் பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலிலும் சேர்ந்தது. ஆனால் செஞ்சிக்கும் விழுப்புரத்துக்கும் இடையே உள்ள பனமலையோ அக்கோட்டையின் பெருமையைவிடப் பழமையானது.

ஊருக்கு ஒரு குன்று, குன்றின் அருகே ஒரு பெரிய ஏரி. குன்றின்மேல் தாளகிரீஸ்வரர் கோயில். தாளம் என்றால் பனை, கிரி என்றால் மலை. ஊரின் பெயரே சுவாமியின் பெயர். காஞ்சியில் கயிலாசநாதர் கோயிலைக் கட்டிய பல்லவ மன்னன் இராஜசிம்மன்தான், ஏறத்தாழ 1,300 ஆண்டுகளுக்கு முன் இதையும் கட்டினான். ஒரு சிறு சன்னதியின் சுவரில், சிவனின் நடனத்தைப் பார்த்து நிற்கும் உமையின் ஓவியம் இன்னும் இருக்கிறது. தமிழ்நாட்டின் மிகப் பழைய ஓவியங்களில் அது ஒன்று. புதுச்சேரியில் வாழ்ந்த பிரெஞ்சு அறிஞர் ழூவோ துப்ரேய் அதை அறிஞர் உலகுக்கு அறிவித்தார்.

இதை ஏன் சொல்லுகிறோம்? கிராமத்து நோயாளி என்றால் "பாவம், ஒன்றும் அறியாதவர்" என்று நினைத்துவிடுகிறோம். எங்கள் வண்டிக்காக மரத்தடியில் காத்திருக்கும் முதியவர், ஏரி நிரம்பினால் எத்தனை போகம் விளையும் என்று கணக்குச் சொல்லக்கூடியவர். அவருக்கு வேண்டியது இரக்கம் மட்டுமல்ல, மரியாதையும்கூட.

இனி ஏரிக்கு வருவோம். திருவண்ணாமலைப் பக்கம் கீரனூரில் துரிஞ்சலாற்றின் அணைக்கட்டிலிருந்து நந்தன் கால்வாய் புறப்படுகிறது. வழியில் ஏரிகளை நிரப்பிக்கொண்டே வருகிறது. மொத்தம் 36 ஏரிகள். கடைசி ஏரி பனமலை ஏரி. கால்வாய் தூர்ந்துபோனாலோ, கரை உடைந்தாலோ, மேலே உள்ளவர்கள் வேண்டியதற்கு மிஞ்சி எடுத்துக்கொண்டாலோ, முதலில் காய்வது கடைமடைதான். ஆண்டுக்கணக்கில் தண்ணீர் வராமல் இந்த விவசாயிகள் வருந்தியிருக்கிறார்கள்.

மருத்துவமும் ஒரு கால்வாயைப் போலத்தான் ஓடுகிறது. நகரத்தில் நிரம்பி வழிகிறது. கடைமடைக்கு வரும்போது சொட்டுகிறது. நம் நாட்டில் 2000 முதல் 2019 வரை பாம்புக்கடியால் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் இறந்தார்கள் என்று ஒரு ஆய்வு மதிப்பிட்டது. அவர்களில் மிகுதியானோர் கிராமத்து மக்கள். விஷமுறிவு மருந்து இல்லாமலா? அரசு மருத்துவமனைகளில் இலவசமாகவே தருகிறார்கள். கடித்த இடத்தைக் கீறுவதிலும், கயிற்றால் இறுக்கிக் கட்டுவதிலும், மந்திரிக்கப் போவதிலும் நேரம் கழிந்துவிடுகிறது. "கடிபட்ட காலை அசைக்காமல் வைத்து உடனே மருத்துவமனைக்குக் கொண்டுவாருங்கள்" என்று ஊர் ஊராகச் சொல்ல ஆள் வேண்டும். சர்க்கரை நோய்க்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரையை நடுவில் நிறுத்திவிடுகிறவர்களைத் தேடிச் செல்லவும் ஆள் வேண்டும்.

இந்த வட்டாரத்துக்கு மருத்துவ ஊழியம் புதிதல்ல. செஞ்சிக்கு அடுத்த திண்டிவனத்தில்தான், ஒரே இரவில் மூன்று வீடுகளிலிருந்து ஆட்கள் வந்து, பிரசவ வேதனையிலிருந்த தங்கள் மனைவியருக்காக இளம்பெண் ஐடா ஸ்கடரை அழைத்தார்கள். அவரோ அப்போது மருத்துவம் படித்தவரல்ல. ஆண் மருத்துவரான அவருடைய தகப்பனாரை உள்ளே விட அவர்கள் சம்மதிக்கவில்லை. மூன்று தாய்மாரும் இறந்துபோனார்கள். அதன்பின் ஐடா அம்மையார் அமெரிக்கா சென்று மருத்துவம் பயின்று, 1900-ல் திரும்பிவந்து வேலூரில் ஊழியத்தைத் தொடங்கினார். அன்று குறைவாக இருந்தது அன்பு அல்ல. வாசலுக்குள் நுழையக்கூடிய ஒரு மருத்துவர்தான்.

அன்பானவர்களே, உங்கள் காணிக்கை எங்களிடம் வண்டியின் டீசலாகவும், ஒரு செவிலியரின் சம்பளமாகவும், ஒரு பாட்டிக்கு மாதாந்திர மாத்திரையாகவும் மாறுகிறது. கால்வாய் எங்கேயும் அடைபடாமல் கடைசி ஏரிமட்டும் ஓடவேண்டும் என்பதே எங்கள் விண்ணப்பம். ஜாதி மதம் பாராமல் காயம்பட்டவனண்டைக்குப் போன சமாரியனை நமக்கு முன்மாதிரியாக வைத்தவர் நம் ஆண்டவர்.

செஞ்சி வட்டாரத்துக் கிராமங்களுக்காகவும், அங்கே மழை பெய்யவும், ஏரிகள் நிரம்பவும், பிள்ளைகள் சுகமாக வளரவும் ஜெபியுங்கள். கொடுக்கிற உங்கள் கைகளை ஆண்டவர் ஆசீர்வதிப்பாராக.