நடுவில் ஓர் இடம்: மாடல் வினையும் வினையடையும்

(குறுவள மையக் கூட்டத்தில் ஆங்கிலம் கற்பிக்கும் ஆசிரியர்களிடையே ஆற்றிய உரை)



இன்று பேச எடுத்துக்கொண்ட பொருள் பார்வைக்குச் சிறியது. கேன், குட், மே, மைட், ஷல், ஷுட், வில், வுட், மஸ்ட் என்னும் 9 மாடல் வினைகளையும் நம் பிள்ளைகள் வரிசையாகச் சொல்லிவிடுவார்கள். ஆல்வேஸ், நெவர், ப்ராபப்ளி போன்ற வினையடைகளும் அவர்களுக்குத் தெரியும். இரண்டையும் ஒரே வாக்கியத்தில் சேர்க்கச் சொல்லும்போதுதான் தடுமாற்றம் வருகிறது. 'ஆல்வேஸ் யூ ஷுட் வாஷ் யுவர் ஹேண்ட்ஸ்' என்று ஒருவர் எழுதுவார். 'யூ ஷுட் வாஷ் ஆல்வேஸ் யுவர் ஹேண்ட்ஸ்' என்று இன்னொருவர் எழுதுவார். சிவப்பு மையால் சுழிப்பதற்கு முன், இது எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம்.

'நீ எப்போதும் கையைக் கழுவ வேண்டும்' என்கிறோம். 'எப்போதும் நீ கையைக் கழுவ வேண்டும்' என்றாலும் சரிதான். தமிழில் 'எப்போதும்' என்ற சொல் தாராளமாக இடம் மாறும். ஆனால் ஓர் இடத்தில் மட்டும் அதற்கு அனுமதி இல்லை. 'கழுவ எப்போதும் வேண்டும்' என்று நாம் சொல்வதில்லை. 'கழுவ', 'வேண்டும்' இரண்டும் கைகோத்து நிற்பவை. நடுவில் வினையடை நுழையாது.

ஆங்கிலத்தில் இது அப்படியே தலைகீழ். மாடல் வினைக்கும் முதன்மை வினைக்கும் நடுவில் உள்ள இடம்தான் ஆல்வேஸ், நெவர், ஆஃபன், ப்ராபப்ளி போன்ற சொற்களின் இயல்பான இருக்கை. 'யூ ஷுட் ஆல்வேஸ் வாஷ் யுவர் ஹேண்ட்ஸ்.' தமிழில் மூடியிருக்கும் கதவு ஆங்கிலத்தில் திறந்திருக்கிறது. இந்த ஒப்பீட்டைக் கரும்பலகையில் இரண்டு வரியாக எழுதிக் காட்டுங்கள். விதியை மனப்பாடம் செய்வதைவிட இது நன்றாக நிற்கும்.

துணைவினைகள் இரண்டு வந்தால் பொதுவாக முதலாவதை அடுத்து வைக்கலாம். 'ஷி மே ஆல்ரெடி ஹேவ் லெஃப்ட்.' 'பி' வந்தாலும் அப்படியே: 'ஹி வில் ஆல்வேஸ் பி ஆன் டைம்.' நீட்லி, கேர்ஃபுலி போன்று செயல் நடக்கும் விதத்தைச் சொல்பவை பெரும்பாலும் வாக்கியத்தின் கடைசிக்குப் போகும்: 'யூ மஸ்ட் ரைட் நீட்லி.' ஒரு மாணவர் 'யூ ஆல்வேஸ் ஷுட்' என்று எழுதினால் முழுத் தவறு என்று அடித்துவிட வேண்டாம். அழுத்தம் கொடுத்துப் பேசும்போது ஆங்கிலேயரும் அப்படிச் சொல்வதுண்டு. வழக்கமான இடம் எது என்று காட்டினால் போதும்.

இதுவரை சொன்னது இடம் பற்றி. இடம் தவறினால் வாக்கியத்தின் அழகு கெடும். பொருள் எப்படியோ புரிந்துவிடும். ஆனால் 'நாட்' உள்ளே வந்துவிட்டால், வினையடையின் இடம் பொருளையே மாற்றிவிடும். நாம் அதிக நேரம் செலவிட வேண்டியது இங்கேதான்.

'ஐ ரியலி கேனாட் ஸ்விம்' என்றால், எனக்கு உண்மையாகவே நீந்தத் தெரியாது. 'ஐ கேனாட் ரியலி ஸ்விம்' என்றால், அவ்வளவாகத் தெரியாது, ஏதோ கை கால் அடிப்பேன். சொற்கள் அதே நான்குதான். ரியலி இருக்கும் இடம் மட்டும் மாறுகிறது. ஆற்றங்கரையில் நிற்கும் ஒரு பிள்ளை இந்த இரண்டில் எதைச் சொல்கிறது என்பது சாதாரண வேறுபாடு இல்லை.

இன்னொன்று பாருங்கள். 'என்னால் எப்போதும் வர முடியாது.' இதற்குத் தமிழிலேயே இரண்டு பொருள் கொள்ளலாம். எல்லா நாளும் வர முடியாது, சில நாள் வருவேன் என்பது ஒன்று. ஒருநாளும் வர முடியாது என்பது மற்றொன்று. பேச்சில் குரலை வைத்தும், 'எப்போதுமே' என்று ஏகாரம் சேர்த்தும் பிரித்துக்கொள்கிறோம். ஆங்கிலம் இதைச் சொல்லாலேயே பிரிக்கிறது. முதலாவது 'ஐ கேனாட் ஆல்வேஸ் கம்'. இரண்டாவது 'ஐ கேன் நெவர் கம்'. 'எப்போதும்' என்றால் ஆல்வேஸ் என்று மட்டும் பழகிய பிள்ளை, வரவே முடியாது என்று சொல்ல நினைத்து, சில நாள் வருவேன் என்று எழுதிவிடும். ஆகவே மொழிபெயர்க்கும் முன், 'நீ சொல்ல வருவது எது?' என்று தமிழிலேயே கேட்டுவிடுங்கள்.

மஸ்ட் நாட், நீட் நாட் இரண்டையும் இதே முறையில் தெளிவாக்கலாம். நம்மிடம் 'கூடாது', 'வேண்டியதில்லை' என்று தனித்தனிச் சொற்கள் உள்ளன. 'வெறும் வயிற்றில் இந்த மாத்திரையைச் சாப்பிடக் கூடாது' என்பதும், 'வெறும் வயிற்றில்தான் சாப்பிட வேண்டும் என்பதில்லை' என்பதும் ஒன்றல்ல என்று எந்தக் குழந்தைக்கும் தெரியும். முன்னதை 'யூ மஸ்ட் நெவர்' என்றும், பின்னதை 'யூ நீட் நாட் ஆல்வேஸ்' என்றும் தொடங்கிக் கொடுங்கள். வீட்டில் முதன்முதலாக ஆங்கிலம் படிப்பவர் அந்தப் பிள்ளையாகத்தான் இருக்கும். மருந்துப் பெட்டியில் உள்ளதை வாசித்துச் சொல்லும் பொறுப்பும் அந்தப் பிள்ளைக்குத்தான்.

ப்ராபப்ளி மட்டும் கொஞ்சம் வேறு குணம். 'வோன்ட்' என்ற சுருக்கம் வந்தால் அதற்கு முன்னால் போய் நிற்கும்: 'இட் ப்ராபப்ளி வோன்ட் ரெய்ன்.' சுருக்காமல் எழுதினால் பழைய இடத்துக்கே திரும்பிவிடும்: 'இட் வில் ப்ராபப்ளி நாட் ரெய்ன்.'

அடுத்தது, மாடல் வினையின் வலுவும் வினையடையின் வலுவும் பொருந்த வேண்டும் என்பது. 'ஒருவேளை மழை வரலாம்' என்கிறோம். 'கட்டாயம் மழை வரலாம்' என்றால் காதில் இடிக்கிறது. 'லாம்' ஐயத்தைச் சொல்கிறது. 'கட்டாயம்' உறுதியைச் சொல்கிறது. இரண்டும் ஒன்றோடொன்று சண்டை போடுகின்றன. ஆங்கிலத்திலும் அப்படித்தான். மே, மைட் ஆகியவற்றோடு பாஸிப்ளி சேரும். வில்லோடு ப்ராபப்ளி, டெஃபனட்லி சேரும். நம்மிடையே அடிக்கடி கேட்கும் 'மே ப்ராபப்ளி' என்பதைவிட 'வில் ப்ராபப்ளி' நல்லது.

இதை நடத்த ஐப்பசி, கார்த்திகை மாதங்கள் மிகவும் உகந்தவை. மழைக்காலத்தில், நாளைக்கு மாவட்ட ஆட்சியர் விடுமுறை அறிவிப்பாரா என்பதைவிட வகுப்புக்கு முக்கியமான கேள்வி வேறில்லை. லேசான தூறல் என்றால் 'வி மைட் பாஸிப்ளி கெட் எ ஹாலிடே'. விடாத மழை என்றால் 'வி வில் ப்ராபப்ளி கெட் எ ஹாலிடே'. அறிவிப்பே வந்துவிட்டால் 'வி வில் டெஃபனட்லி கெட் எ ஹாலிடே'. வானத்தின் நிலையை நீங்கள் சொல்லுங்கள், வாக்கியத்தை அவர்கள் சொல்லட்டும். வலுவை ஏணிப்படிகளாகக் கரும்பலகையில் வரைந்துகொள்ளலாம்.

இடத்தைப் பழக்க அட்டைகள் போதும். பழைய நாட்காட்டியின் பின்பக்கத்தில் சொற்களை எழுதி, மாணவர்கள் கையில் ஒவ்வொன்றாகக் கொடுத்து வரிசையாக நிறுத்துங்கள். வினையடை அட்டை வைத்திருப்பவர் நடந்து வந்து தன் இடத்தைக் கண்டுபிடித்து நிற்க வேண்டும். பிறகு நாட் அட்டையோடு ஒருவரை உள்ளே அனுப்புங்கள். வினையடை அவருக்கு முன்னால் நின்றால் என்ன பொருள், பின்னால் நின்றால் என்ன பொருள் என்று வகுப்பு தமிழில் சொல்ல வேண்டும். அந்தத் தமிழ் விளக்கம்தான் உண்மையான மதிப்பீடு. கோடிட்ட இடத்தைச் சரியாக நிரப்பிய பிள்ளைக்குப் பொருள் புரிந்திருக்கும் என்பதற்கு உறுதி இல்லை.

ஆங்கில வகுப்பில் தமிழ் பேசினால் ஆங்கிலம் வராது என்று நம்மில் சிலர் நினைக்கிறோம். பேச்சுப் பயிற்சிக்கு ஆங்கிலச் சூழல் தேவை என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் 'கூடாது', 'வேண்டியதில்லை', 'வரலாம்', 'வராது' என்னும் நுட்பங்களை வீட்டிலும் தெருவிலும் கற்றுக்கொண்டுதான் நம் பிள்ளைகள் பள்ளிக்கு வருகிறார்கள். அந்த அறிவை வகுப்பு வாசலில் கழற்றி வைக்கச் சொல்ல வேண்டாம். அடுத்த வாரம் ஒரு பாடவேளை ஒதுக்கி, நாட் உள்ள வாக்கியங்கள் ஐந்தை மட்டும் இந்த முறையில் நடத்திப் பாருங்கள். பிள்ளைகள் எழுதிய வாக்கியங்களை அடுத்த கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். சேர்ந்து பார்ப்போம்.