முகம் தெரிகிறது, ஆள் தெரியவில்லை



ஒரு பெரியவரின் நினைவைப் போற்றும் இந்த மேடையில், முகங்களை நினைவில் வைத்துக்கொள்ள முடியாத மனிதர்களைப் பற்றிப் பேச விரும்புகிறேன். அவர்களுடைய மூளையைப் படமெடுத்துப் பார்த்தவர்கள் என்ன கண்டார்கள், அந்தப் படங்களை நாம் எந்த அளவுக்கு நம்பலாம் என்பதே இன்று என் பேச்சு.

பிறந்ததிலிருந்தே முகமறியாமையோடு வாழ்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பார்வையில் பழுதில்லை, அறிவில் குறைவில்லை. எதிரில் நிற்பவரின் கண், மூக்கு, வாய் எல்லாம் தெளிவாகத் தெரியும். அவர் சிரிக்கிறாரா, முறைக்கிறாரா என்பதும் பெரும்பாலோருக்குப் புரியும். அவர் யார் என்பதுதான் பிடிபடாது. குரல், நடை, தலைமுடி, மூக்குக்கண்ணாடி, வழக்கமாக உட்காரும் நாற்காலி ஆகியவற்றை வைத்து ஆளைக் கண்டுகொள்கிறார்கள். அந்த ஆள் முடியை ஒட்ட வெட்டிக்கொண்டு வந்தாலோ, அலுவலகத்தில் பார்த்தவர் கடைத்தெருவில் எதிர்ப்பட்டாலோ, போச்சு!

ஆலிவர் சாக்ஸை உங்களில் பலர் படித்திருப்பீர்கள். நியூயார்க்கில் வாழ்ந்த நரம்பியல் மருத்துவர். மூளைக் கோளாறுகளைப் பற்றி அவரைப்போல் எழுதியவர்கள் குறைவு. அவருக்கே இந்தக் குறை இருந்தது. 2010-இல் அதை விரிவாக எழுதினார். நெடுநாளாகத் தன்னைப் பார்த்துவரும் மனநல மருத்துவரின் அறையிலிருந்து வெளியே வருகிறார். சில நிமிடங்களில் கட்டடத்தின் முன்கூடத்தில் ஒருவர் அவருக்கு வணக்கம் சொல்கிறார். முன்பின் தெரியாத இந்த ஆளுக்கு நம்மை எப்படித் தெரியும் என்று சாக்ஸ் திகைக்கிறார். வாயில்காப்பாளர் அந்த மனிதரைப் பெயர் சொல்லி அழைத்த பிறகுதான் தெரிகிறது, அவர் அந்த மருத்துவரேதான். கண்ணாடியில் தெரிந்த தன் உருவத்தையே யாரோ தாடிக்காரர் என்று எண்ணி மன்னிப்புக் கேட்டதையும் சாக்ஸ் எழுதியிருக்கிறார். மூளையை அறிந்த மேதைக்கே இந்த நிலை என்றால், தனக்கு இருப்பது என்னவென்றே அறியாத ஒரு பள்ளிப் பிள்ளையின் நிலையை எண்ணிப் பாருங்கள். கண்டும் காணாததுபோல் போகிறாள், தலைக்கனம் பிடித்தவன் என்ற பேச்சைக் கேட்டே அந்தப் பிள்ளைகள் வளர்கிறார்கள்.

மருத்துவம் இதைக் கூர்ந்து கவனித்தது போர்க்களத்துக் காயங்களின் வழியாக. தலையில் அடிபட்ட வீரர்கள் முகமறியும் திறனை இழந்ததை 1947-இல் ஜெர்மானிய மருத்துவர் யோவாகிம் போடமர் எழுதினார். அவர்கள் இருந்ததை இழந்தவர்கள். அடியோ நோயோ இல்லாமல், இயல்பிலேயே இந்தக் குறை உள்ள ஒரு சிறுமியைப் பற்றிய அறிக்கை 1976-இல்தான் வந்தது.

1997-இல் நான்சி கான்விஷரும் அவருடைய தோழர்களும் செய்த ஆய்வு ஒரு திருப்பம். மூளையின் இயக்கத்தைப் படமெடுக்கும் எஃப்.எம்.ஆர்.ஐ. கருவிக்குள் ஒருவரைப் படுக்க வைத்து, முகங்களையும் வேறு பொருள்களையும் மாற்றி மாற்றிக் காட்டினார்கள். மூளையின் அடிப்புறத்தில், பெரும்பாலோருக்கு வலப்பக்கத்தில், ஒரு சிறு பகுதி முகங்களைக் கண்டபோது மட்டும் கூடுதலாக வேலை செய்தது. அதற்குப் பியூசிஃபார்ம் முகப்பகுதி என்று பெயர் வைத்தார்கள். 2012-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் இதற்கு வலுவான சான்று ஒன்று கிடைத்தது. வலிப்பு நோய்ச் சிகிச்சைக்காக மூளையில் மின்முனைகள் வைக்கப்பட்டிருந்த ஒருவருக்கு, அந்த இடத்தில் சிறிதளவு மின்சாரம் செலுத்தினார்கள். எதிரிலிருந்த மருத்துவரின் முகம் உருமாறி வேறு யாரோ போலத் தெரிந்தது. மின்சாரம் நின்றதும் பழைய முகம் திரும்பிவிட்டது.

அப்படியானால் முகமறியாமல் பிறந்தவர்களுக்கு அந்தப் பகுதி இருண்டு கிடக்க வேண்டும் அல்லவா? எல்லோரும் அதைத்தான் எதிர்பார்த்தார்கள். 2003-இல் ஒருவரையும், 2005-இல் நான்கு பேரையும் கலியா அவிதான், உரி ஹாசன், மார்லீன் பெர்மன் முதலியோர் படமெடுத்துப் பார்த்தார்கள். முகப்பகுதி மற்றவர்களுக்கு எப்படியோ அப்படியே இயங்கியது! முகத்தைக் கண்டதும் மூளை விழித்துக்கொள்கிறது. ஆளை அறிவதோ இல்லை. அஞ்சலகத்துக்குக் கடிதம் வந்து, முத்திரையும் விழுந்து, பட்டுவாடா மட்டும் நடக்காமல் கிடப்பதுபோல் இருந்தது அந்த முடிவு. இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். எதிர்பார்த்தது கிடைக்காதபோது அதை மறைக்காமல் அச்சிட்டார்களே, அந்த நேர்மையிலிருந்துதான் அடுத்த கேள்வி பிறந்தது: பழுது அந்தப் பகுதியில் இல்லையென்றால், அங்கிருந்து கிளம்பும் பாதையில் இருக்குமோ?

2009-இல் சிபு தாமஸும் பெர்மன் குழுவினரும் பாதைகளைப் பார்த்தார்கள். மூளையின் வெண்பொருளில் நீர் மூலக்கூறுகள் எந்தத் திசையில் நகர்கின்றன என்பதை அளந்து நரம்பிழைகளின் போக்கை வரையும் முறை ஒன்று உண்டு. பிடரி மடலிலிருந்து பொட்டு மடலின் முன்பகுதிக்கும் நெற்றி மடலுக்கும் செல்லும் இரண்டு பெரிய இழைக்கற்றைகள் முகமறியாதவர்களிடம் மெலிந்திருந்தன. மெலிவு கூடக் கூட, முகம் அறிவதில் தவறுகளும் கூடின. 2014-இல் அவிதான் குழுவினர், பொட்டு மடலின் முன்முனை மற்ற முகப்பகுதிகளோடு சேர்ந்து இயங்கவில்லை என்று காட்டினார்கள். ஒருவரைப் பற்றி நாம் அறிந்தவற்றையும் அவர் முகத்தையும் சேர்த்துவைப்பதில் அந்த முன்முனைக்குப் பங்குண்டு என்று கருதப்படுகிறது.

கதை இங்கே முடிந்திருந்தால் அழகாகத்தான் இருந்திருக்கும். 2018-இல் டார்ட்மத் கல்லூரியில் குவோ ஜியாஹுய், பிராட்லி டூஷேன் குழுவினர் முகமறியாத 22 பேரை ஆராய்ந்தார்கள். அசையாப் படங்களுக்குப் பதிலாக அசையும் காட்சிகளைக் காட்டினார்கள். இம்முறை முகப்பகுதிகளிலேயே முகத்துக்கான தனித்த துலங்கல் குறைந்திருந்தது. இடங்களுக்கும் உடல்களுக்கும் துலங்கும் பகுதிகளிலும் குறைவு தெரிந்தது. சாக்ஸ் முகங்களை மட்டுமன்றி வழிகளையும் மறந்து தன் வீட்டையே தாண்டிப் போய்விடுபவர் என்பது இங்கே நினைவுக்கு வருகிறது.

எது சரி? முந்திய ஆய்வுகளில் ஆட்கள் மிகக் குறைவு. நான்கு பேரிடம் காணாத ஒரு சிறு வேறுபாடு 22 பேரிடம் தெரியலாம். அதனால் 2018-ஆம் ஆண்டு முடிவுக்கே நான் கூடுதல் எடை தருவேன். ஆனால் பாதை மெலிந்திருக்கிறது என்ற முடிவை அது பொய்யாக்கிவிடவில்லை. முகமறியாமை ஒரே காரணத்தால் வருவது என்று நினைத்ததே பிழையாக இருக்கலாம்.

மாணவர்கள் ஒன்றை மனத்தில் கொள்ள வேண்டும். செய்தித்தாளில் வரும் மூளைப்படத்தில் சிவப்பும் மஞ்சளுமாக ஒளிர்வது மூளை அன்று. இரத்தத்தில் ஆக்சிஜன் அளவு மாறுவதைக் கருவி அளக்கிறது. நரம்பணுக்கள் இயங்கிச் சில விநாடிகள் கழித்தே அந்த மாற்றம் உச்சத்துக்கு வருகிறது. முகம் பார்த்த நேரத்தின் அளவிலிருந்து பொருள் பார்த்த நேரத்தின் அளவைக் கழித்து, புள்ளியியல் சல்லடையில் சலித்து, எஞ்சியதற்குக் கணினி வண்ணம் பூசுகிறது. அந்தப் படத்தில் ஒரு புள்ளி என்பது சில மில்லிமீட்டர் அளவுள்ள ஒரு கட்டம். அதற்குள் இலட்சக்கணக்கான நரம்பணுக்கள். அவை எல்லாம் சேர்ந்து இரைச்சலிடுகின்றனவா, ஒழுங்காகப் பேசுகின்றனவா என்பதை அந்த வண்ணம் சொல்லாது. ஆகவே, ஒருவருடைய மூளைப்படத்தை மட்டும் கையில் வைத்துக்கொண்டு இவருக்கு முகமறியாமை உண்டு, இல்லை என்று இன்று எந்த மருத்துவராலும் சொல்ல முடியாது. குழுக்களின் சராசரிகளைத்தான் படங்கள் பேசுகின்றன.

முகமறியாதவரைக் கண்டறிய உதவுவது எளிய சோதனையே. டூஷேனும் கென் நாகயாமாவும் 2006-இல் அமைத்த கேம்பிரிட்ஜ் முக நினைவுச் சோதனைக்கு ஒரு கணினித் திரை போதும். முடியும் உடையும் தெரியாதபடி நறுக்கிய ஆறு முகங்களை மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். பிறகு மூன்று மூன்று முகங்களாக 72 முறை வரும். பார்த்த முகம் எது என்று சொல்ல வேண்டும். போகப் போக வெளிச்சமும் கோணமும் மாறும், படத்தில் புள்ளிகள் தூவப்பட்டிருக்கும். இதில் பெற்ற மதிப்பெண்ணும், சோதனைக்கு வந்தவர் தன் வாழ்க்கையைப் பற்றிச் சொல்வதும் ஒத்துப்போனால்தான் முடிவு. 2023-இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று 3,000-க்கும் மேற்பட்டவர்களை இப்படிப் பார்த்தது. கடுமையான அளவுகோலில் ஏறக்குறைய 108 பேரில் ஒருவர். சற்றுத் தளர்த்தினால் 33 பேரில் ஒருவர். இந்த மண்டபத்திலும் அப்படிச் சிலர் அமர்ந்திருக்கக்கூடும்.

2006-இல் அமைத்த அந்தச் சோதனையில் இருந்தவை வெள்ளையர் முகங்கள். பழகாத இனத்து முகங்களைப் பிரித்தறிவது எவருக்குமே கடினம். எனவே அதில் நம்மவர் ஒருவர் குறைந்த மதிப்பெண் பெற்றால் அவருக்குக் குறை இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது. சீன முகங்களைக் கொண்டு பின்னர் தனிச் சோதனை அமைத்தார்கள். உளவியல் பயிலும் மாணவர்களே, நம் ஊர் முகங்களைக் கொண்டு, தமிழில் வழிகாட்டும் சோதனையை நீங்கள் செம்மையாகச் செய்யுங்கள். கோடிக்கணக்கில் விலையுள்ள கருவி அதற்குத் தேவையில்லை.

இங்கே வந்திருக்கும் ஆசிரியர்களையும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். உங்கள் வகுப்பில் ஒரு பிள்ளை தெருவில் உங்களைக் கண்டு வணங்காமல் போனால் கோபம் கொள்ளாதீர்கள். அடுத்த முறை நீங்களே அருகில் போய், உங்கள் பெயரைச் சொல்லிப் பேச்சைத் தொடங்குங்கள்.