நாளைய கொழுந்தை இன்றே விற்கும் கணக்கு

(கந்தப்பளையில் ஆசிரியர்களும், தோட்ட உத்தியோகத்தர்களும், மரக்கறி விவசாயிகளும், தொழிலாளரும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



உருளைக்கிழங்கு மண்ணுக்குள் இருக்கும்போதே அதன் பேரில் முதலாளியிடம் முற்பணம் வாங்கும் வழக்கத்தை இவ்வூர் விவசாயிகளுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. பசளைக்குப் பணம் வேண்டும். கிழங்கு விளைய மாதங்கள் செல்லும். ஆகவே விளையாத கிழங்கு விலையாகிறது. மழை மிகுந்து கிழங்கு அழுகினாலும் கடன் அழுகுவதில்லை. இன்று அரசாங்கங்கள் நடத்தும் பெருங்கடன் வியாபாரமும் இதுவேதான். ஆனால் விவசாயி தன் கிழங்கை விற்கிறான். அரசாங்கம் ஊரார் கிழங்கை விற்கிறது.

அமெரிக்காவில் நடந்ததைக் கேளுங்கள். 1998 நவம்பரில் பெரிய சிகரெட் கம்பெனிகளும் 46 மாநிலங்களும் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. புகைத்து நோயுற்றோருக்கு மாநிலங்கள் செலவிட்ட மருத்துவப் பணத்துக்கு ஈடாக, முதல் 25 ஆண்டுகளில் ஏறத்தாழ 20,600 கோடி டொலர் தருவதாகக் கம்பெனிகள் ஒப்புக்கொண்டன. மாநிலங்கள் பல அப்பணம் வரும்வரை பொறுத்திருக்கவில்லை. வரவிருக்கும் தொகையை ஈடு காட்டி முறிகளை வெளியிட்டு, இன்றைக்கே காசாக்கின. விஸ்கொன்சின் மாநிலம் 2002இல் அவ்வாறு பெற்ற பணத்தைக் கொண்டு வரவு செலவுத் திட்டத்தின் பற்றாக்குறையை அடைத்தது. நோயாளிக்கென வந்த ஈட்டுப் பணம் கணக்கப்பிள்ளையின் ஓட்டையை அடைக்கப் போயிற்று!

விந்தை இன்னும் உண்டு. கம்பெனிகள் கொடுக்கும் தொகை சிகரெட் விற்பனையைப் பொறுத்தது. மக்கள் புகைப்பதைக் குறைத்தால் முறிக்கு வரும் பணமும் குறையும். ஒரு கையால் "புகைக்காதே" என்று பலகை நாட்டிய அரசு, மறு கையால் புகைப்பவனை எண்ணிக்கொண்டிருக்க வேண்டியதாயிற்று.

இது தூரத்துக் கதை என்று எண்ண வேண்டாம். வருங்கால உழைப்பை ஈடாக எழுதிக் கைமாற்றும் வித்தையை மலையகத்தார் அமெரிக்கருக்கு முன்பே கண்டவர்கள். 'துண்டு' என்ற சொல்லை நம் பாட்டன்மார் அறிவர். தொழிலாளியின் பேரில் இவ்வளவு கடன் உண்டு, அதனைக் கட்டினால் ஆளை விடுவோம் என்று துரை எழுதிக் கொடுத்த சீட்டே துண்டு. கங்காணி அதைக் கொண்டு அடுத்த தோட்டத்துக்குப் போவான். அடுத்த துரை கடனைக் கட்டுவான். ஆளும் கடனும் சேர்ந்தே இடம் மாறின. அம்முறை 1921இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. பாதீட்டில் குறையும் தொகையை நம் நாட்டு ஏடுகள் இன்றும் 'துண்டு விழும் தொகை' என்றே எழுதுகின்றன. சொல் பழையதை மறக்கவில்லை போலும்!

தேயிலைக்கு வருவோம். 2012இல் ஈரானிடம் வாங்கிய எண்ணெய்க்காக இலங்கை பெற்றோலியக் கூட்டுத்தாபனம் கொடுக்க வேண்டியிருந்த பாக்கி ஏறத்தாழ 25 கோடி டொலர். அதனைத் தேயிலையாகத் தீர்ப்பதென 2021 டிசம்பரில் ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. மாதந்தோறும் 50 இலட்சம் டொலர் பெறுமதியான தேயிலை என்பது கணக்கு. நாடு நொடித்த காரணத்தால் அது செயலுக்கு வர 2023 ஆயிற்று. கூட்டுத்தாபனம் ரூபாயைத் தேயிலைச் சபைக்குக் கொடுக்கும். சபை ஏற்றுமதியாளருக்குக் கொடுக்கும். இவ்வழியில் டொலர் வெளியே போவதில்லை; அத்தேயிலைக்கு டொலர் உள்ளே வருவதும் இல்லை. ஈரானியர் விரும்புவது பெரும்பாலும் தாழ்நிலத் தேயிலை என்பது உண்மை. இந்த ஏற்பாட்டை நாம் முற்றாகப் பழிக்கவில்லை. வாங்கிய எண்ணெய்க்கு விலை கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் கொழுந்து பறிப்பவரிடமோ, சிறுதோட்டக்காரரிடமோ யாரேனும் ஒரு வார்த்தை கேட்டதுண்டா?

2022 ஏப்ரல் 12ஆம் நாள் வெளிநாட்டுக் கடனை இப்போதைக்குக் கட்ட முடியாது என அரசாங்கம் அறிவித்தது. 2024 டிசம்பரில் பழைய முறிகளை மாற்றிப் புதியன வழங்கியபோது, அவற்றுட் சில நாட்டின் வருங்கால வளர்ச்சியோடு பிணைக்கப்பட்டன. நாட்டின் உற்பத்தி குறித்த அளவுக்கு மேல் உயர்ந்தால் கடன்காரருக்குக் கூடுதலாகக் கொடுக்க வேண்டும், தாழ்ந்தால் குறைவாக. கூடுதலாகப் பறித்தால் கொழுந்துக்காரிக்குக் கூடுதல் காசு என்பதைப் போலத் தோன்றும். இங்கே பறிப்பவர் நாம். கூடுதல் காசு போவது வேறிடம்.

இனி, நம் அடிமடிக்கே வந்த கதை. ஊழியர் சேமலாப நிதி 1958இல் தோன்றியது. தொழிலாளியின் சம்பளத்தில் குறைந்தது 8 வீதமும் முதலாளியின் பங்காக 12 வீதமும் அதிற் சேர்கின்றன. அப்பணத்தின் பெரும்பகுதி திறைசேரி முறிகளில் இடப்பட்டிருக்கிறது. 2023இல் உள்நாட்டுக் கடனைச் சீரமைத்தபோது இம்முறிகள் புதிய நீண்டகால முறிகளாக மாற்றப்பட்டன. 2025 வரை 12 வீத வட்டி, அதன் பின் முதிர்வு வரை 9 வீதம். மாற்ற மறுக்கும் நிதிக்கு 14 வீத வரி 30 வீதமாகும் என்ற மிரட்டலும் உடன் வந்தது. வர்த்தக வங்கிகளின் கையிலிருந்த முறிகளோ தொடப்படவில்லை. அவை முன்னரே மிகுந்த வரி செலுத்துகின்றன என்றும், அவற்றை அசைத்தால் வைப்பாளர் கலங்குவர் என்றும் காரணம் கூறப்பட்டது. காரணம் இருக்கலாம். வைப்பாளருக்குக் கலங்கும் உரிமை உண்டு. கொழுந்துக் கூடை சுமப்பவளுக்கு அது இல்லையா? 2022 செப்டம்பரில் கொழும்பில் விலைவாசி ஓராண்டில் ஏறத்தாழ 70 வீதம் ஏறியிருந்தது. அவ்வாண்டு நிதி கொடுத்த வட்டி 9 வீதம். முப்பதாண்டுச் சேமிப்பு அரிசியாகவும் மாவாகவும் எவ்வளவு சுருங்கிற்று என்பதை வீட்டுக்கு வீடு அறிவர்.

2024 செப்டம்பரில் 1,350 ரூபாய் என விதிக்கப்பட்ட நாட்சம்பளத்திலிருந்தும் இப்பங்கு பிடிக்கப்பட்டது. அவ்வுழைப்பை நம்பி அரசாங்கம் கடன் வாங்குகிறது. அதே தொழிலாளி வங்கிக்குப் போய் வீடு கட்டக் கடன் கேட்டால், காணி உறுதி எங்கே என்பார்கள். லயத்துக்கு ஏது உறுதி? அவனுடைய நாளைய வியர்வை அரசுக்கு ஈடாகும், அவனுக்கே ஆகாது!

நாம் கேட்பது மூன்று. சேமலாப நிதியின் பணத்தைத் தொடுமுன் உறுப்பினரின் பிரதிநிதிகளைக் கேட்க வேண்டும். அக்கணக்குத் தமிழிலும் வெளிவர வேண்டும். லயத்தில் இருப்போருக்கு வீட்டுக் காணியின் உறுதி கையில் வர வேண்டும்.

ஆசிரிய நண்பர்களுக்கும் உத்தியோகத்தருக்கும் ஒரு வேலை தருகிறோம். வருகிற ஞாயிறு காலை இம்மண்டபத்தில் மேசை போட்டு உட்காருங்கள். தாய்மார்கள் தங்கள் 'பி' அட்டையையும் சம்பளச் சீட்டுகளையும் கொண்டு வருவார்கள். பிடித்த பணம் நிதிக்குப் போய்ச் சேர்ந்ததா என்று ஒவ்வொன்றாகப் பார்த்து எழுதுங்கள். குறை கண்டால் நுவரெலியாவில் தொழில் அலுவலகம் இருக்கிறது. திங்கட்கிழமை நாமே கூட வருகிறோம்.