காத்திருத்தலும் கவனித்தலும்

(அல்சூரில் நடைபெற்ற சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



ஆண்டு விழா மேடை இலக்கியம் பேசும் மேடை; இசையும் கூத்தும் பொலியும் மேடை. இங்கு நோயைப் பற்றிப் பேசுவது பொருந்துமா என்று எண்ணித் தயங்கினோம். ஆனால் இவ்வாண்டு எங்கள் இல்லத்தில் நிகழ்ந்த ஒன்று, இங்கு அமர்ந்திருக்கும் பல இல்லங்களிலும் நிகழக் கூடியது. நாங்கள் மருத்துவர் அல்லோம். பட்டதையும், பட்ட பின் படித்தும் கேட்டும் அறிந்ததையும் மட்டுமே கூறுகிறோம்.

நம் அல்சூர் ஏரிக்கரையில் வள்ளுவர் சிலை 1991ஆம் ஆண்டில் நிறுவப்பெற்றது. அது திறக்கப்பெற்றதோ 2009ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 9ஆம் நாள். இடையே 18 ஆண்டுகள் மூடிய சிலையைப் பார்த்துக்கொண்டே ஏரிக்கரையில் நடந்தவர்கள் நாம். எனவே காத்திருத்தல் நமக்குப் புதிதன்று. ஆனால் சிலைக்குக் காத்திருப்பது வேறு. உடம்பைப் பற்றிய ஒரு முடிவுக்குக் காத்திருப்பது வேறு. மூடிய துணிக்குள் சிலை மாறாமல் இருக்கும். காத்திருக்கும் நாளில் உடம்பு மாறிவிடலாம். இன்று சொல்ல வந்த செய்தி இவ்வளவே.

எங்கள் இல்லத்தில் நிகழ்ந்தது

எங்கள் தந்தையார் கோலார் தங்கவயலில் சுரங்கத் தொழிலாளியாய் இருந்தவர். 2001ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 28ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்டன. அதன் பின் எங்களோடு இங்கு வந்து சேர்ந்தார். தங்கவயலிலிருந்து வந்த குடும்பங்கள் இவ்வரங்கில் பல உள்ளன. பொன் இருந்த அந்தப் பாறை படிகக்கல் பாறை. அதைத் துளைக்கும்போது எழும் நுண்தூசியை மூச்சோடு உள்ளிழுத்தவர் நுரையீரலில் அத்தூசி தங்கிவிடும். தங்கிய இடத்தில் தழும்பும் சிறு முடிச்சுகளும் தோன்றும். வேலையை விட்ட பின்னும் அது வளரக் கூடும். அத்தகைய நுரையீரலைக் காசநோய் எளிதிற் பற்றும் என்பதும் மருத்துவ உலகம் அறிந்த உண்மை.

சென்ற ஆண்டு தந்தையாருக்குக் காய்ச்சல் கண்டபோது எடுத்த ஸ்கேனில் நுரையீரலின் மேற்பகுதியில் 7 மில்லிமீட்டர் அளவில் ஒரு முடிச்சுத் தெரிந்தது. "இப்பொழுது கவலைப்பட ஒன்றும் இல்லை, ஆறு திங்கள் கழித்து மீண்டும் படம் எடுத்து ஒப்பிட்டுப் பார்ப்போம்" என்றார் மருத்துவர். நாளும் குறித்துக் கொடுத்தார். அந்தச் சீட்டை நாட்காட்டிக்குப் பின்னால் செருகி வைத்தோம்.

நான்காம் திங்களில் இருமல் தொடங்கியது. பெங்களூர்க் குளிர் என்றோம். மாலையில் உடம்பு சுட்டது. பாலத்து வேலையின் தூசி என்றோம். வேட்டியை இறுக்கிக் கட்ட வேண்டியிருந்தது. வயதாகிவிட்டது என்றார் அவர்; நாங்களும் தலையசைத்தோம். மருத்துவரிடம் போகலாமா என்று ஒருமுறை கேட்டதற்கு, "அதற்குத்தான் நாள் குறித்திருக்கிறார்களே, அதற்குள் எதற்கு அவர்களைத் தொல்லை செய்வது?" என்றார். அந்த விடை எங்களுக்கும் வசதியாக இருந்தது. உண்மையைச் சொன்னால், எங்களுக்கும் அச்சம். கேளாமலிருந்தால் அச்சம் வராது என்று எண்ணினோம்.

ஒருநாள் விடியற்காலையில் அவர் தம் கைக்குட்டையைத் தாமே துவைத்துக்கொண்டிருந்ததை எங்கள் தாயார் பார்த்துவிட்டார். ஐம்பது ஆண்டு இல்வாழ்க்கையில் தம் துணியைத் தாம் துவைத்து அறியாதவர். வாளித் தண்ணீர் சிவந்திருந்தது.

அன்றே சென்றோம். மருத்துவர் சினக்கவில்லை. ஒன்று மட்டும் சொன்னார்: "ஐயா, நான் நாள் குறித்தது அன்றிருந்த உடம்புக்கு. இன்று வந்திருப்பது வேறு உடம்பு." அந்தச் சொல்லை உங்களிடம் சேர்ப்பிக்கவே இம்மேடைக்கு வந்தோம்.

ஏன் காத்திருக்கச் சொல்கிறார்கள்?

மருத்துவர் காத்திருக்கச் சொல்வது அலட்சியத்தால் அன்று. உள்ளே இருப்பதை அடுக்கடுக்காய்க் காட்டும் சி.டி. ஸ்கேன் கருவியால் முதல் நோயாளிக்குப் படம் எடுத்தது 1971ஆம் ஆண்டு, இலண்டன் மாநகரில். அதைப் படைத்த ஹவுன்ஸ்ஃபீல்டும், அதற்கான கணக்கை வகுத்த கார்மாக்கும் 1979ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்றனர். அக்கருவி முன்னர்க் கண்ணுக்குப் படாத சிறு புள்ளிகளையும் காட்டுகிறது. காட்டும் புள்ளியெல்லாம் புற்றுநோய் அன்று. அமெரிக்க நாட்டில் புகைப்பழக்கம் மிகுந்தோரை ஆராய்ந்து 2011ஆம் ஆண்டில் வெளியிட்ட பெரிய ஆய்வில், ஐயத்திற்குரியவை எனக் குறிக்கப்பட்ட ஸ்கேன்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேற்பட்டவை புற்றுநோய் அல்ல என்று பின்னர்த் தெரிந்தது. காசநோய் பரவலாக உள்ள நம் நாட்டிலோ, என்றோ வந்து ஆறிய காசநோயின் தழும்பும் அவ்வாறே புள்ளியாய்த் தெரியும்.

அப்படியாயின் ஆறிய தழும்பையும் வளரும் கட்டியையும் எவ்வாறு பிரித்தறிவது? காலமே சிறந்த அளவுகோல். தழும்பு வளராது, கட்டி வளரும். ஆயின் உடனே மறுபடம் எடுத்தால் வளர்ச்சி புலப்படாது. ஒரு கணக்கைப் பாருங்கள். 6 மில்லிமீட்டர் உருண்டை ஒன்றின் பருமன் இருமடங்கு ஆனாலும் அதன் குறுக்களவு ஏறத்தாழ ஏழரை மில்லிமீட்டரே ஆகும். படத்தில் அளப்போர் கைக்குக் கை நேரும் வேறுபாடே அந்த அளவுக்கு இருக்கலாம். ஆகவேதான் சில திங்கள் இடைவெளி. 2017ஆம் ஆண்டில் பிளைஷ்னர் கழகத்தார் திருத்தி வெளியிட்ட நெறிமுறைப்படி, 6 முதல் 8 மில்லிமீட்டர் வரை உள்ள ஒற்றைத் திண்ணிய முடிச்சுக்கு 6 முதல் 12 திங்களில் மறுபடம். 8 மில்லிமீட்டருக்கு மேற்பட்டதற்கு 3 திங்களில் மறுபடமோ வேறு ஆய்வோ. முன்னரே புற்றுநோய் உள்ளவர்க்கும், நோயெதிர்ப்பு ஆற்றல் குறைந்தவர்க்கும் இக்கணக்குப் பொருந்தாது.

இதிலிருந்து இரண்டு உண்மைகள் விளங்கும். ஒன்று, நீண்ட நாள் குறித்தால் நம்மைக் கைவிட்டார்கள் என்பது பொருளன்று. அளந்தறியும் நேரத்தைத் தருகிறார்கள். மற்றொன்று, அந்தக் கணக்கு முடிச்சின் அளவைக் கொண்டு போட்ட கணக்கு. இடையில் எழும் இருமலும் இளைப்பும் அக்கணக்கில் இல்லை. அவற்றைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டியவர் நாமே.

பொறுக்கக் கூடாத குறிகள்

சளியில் இரத்தம், அது நூலளவே ஆயினும், நாள் வரும்வரை பொறுக்கத் தக்கது அன்று. அன்றே மருத்துவருக்கு அறிவிக்க வேண்டும். இரத்தம் மிகுதியாய் வந்தாலும், அமர்ந்திருக்கும்போதே மூச்சுத் திணறினாலும், திடீரென்று நெஞ்சில் வலி எடுத்தாலும், உதடு நீலம் பாய்ந்தாலும், அறிவு தடுமாறினாலும் நொடியும் தாழ்க்காமல் 108ஐ அழைக்க வேண்டும். முகமும் கழுத்தும் வீங்குவதும் விரைந்து காட்டத் தக்கது. இரண்டு வாரத்திற்கு மேற்பட்ட இருமல், பழைய இருமலின் தன்மையில் மாறுதல், மாலைக் காய்ச்சல், இரவு வியர்வை, காரணமின்றி எடை குறைதல், மூன்று வாரம் தாண்டிய குரற்கம்மல் ஆகியவற்றைச் சில நாட்களுக்குள் தெரிவித்துவிட வேண்டும்.

இவை வந்தால் புற்றுநோய்தான் என்று நடுங்க வேண்டா. காசநோய், சளிக்காய்ச்சல், ஆஸ்துமா, வேறு பல நோய்களும் இக்குறிகளைக் காட்டும். அவற்றுட் பெரும்பாலானவை மருந்தால் தீர்பவை. தீரும் நோயைத் தீராத நோயென்று அஞ்சி மறைத்துத் தீராததாக்கிக்கொள்வதே பெரும் பேதைமை.

மறைக்கும் வழக்கத்திற்கு ஒரு வரலாறு உண்டு. எலும்புருக்கி என்றாலே ஊர் ஒதுக்கிய காலம் அது. 1928ஆம் ஆண்டில் டாக்டர் சௌரி முத்து தாம்பரத்தில் காசநோய் விடுதியைத் தொடங்கினார். அதன் பின்னரும் நெடுங்காலம், வீட்டைப் பிரிந்து விடுதியில் கிடப்பதே வழி என்று உலகம் நம்பியது. 1956ஆம் ஆண்டில் சென்னைச் சேத்துப்பட்டில் தோன்றிய ஆய்வு நிலையம் 193 நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினரை வீட்டிலும் மற்றொரு பிரிவினரை விடுதியிலும் வைத்து மருந்து கொடுத்தது. 1959ஆம் ஆண்டில் முடிவு வெளிவந்தது: வீட்டிலிருந்து மருந்துண்டோரும் ஏறக்குறைய அவ்வாறே நலம் பெற்றனர், அவர்களால் வீட்டாருக்கு நோய் மிகுதியாய்ப் பரவவும் இல்லை. தமிழகத்து ஏழை வீடுகள் உலகிற்கு அளித்த பாடம் அது.

அதே 1959இல் நம் பெங்களூரில், பல்லாரிச் சாலையில், தேசியக் காசநோய் நிறுவனம் அமைக்கப்பட்டது; 1960இல் தலைமை அமைச்சர் நேரு அதைத் திறந்து வைத்தார். அங்கிருந்து பானர்ஜியும் ஆண்டர்சனும் தும்கூர் மாவட்டத்து மக்களிடையே ஓர் ஆய்வு நடத்தி 1963ஆம் ஆண்டில் வெளியிட்டனர். எழுத்தறியாச் சிற்றூர் மக்கள் தம் நோய்க்குறியை உணரமாட்டார்கள் என்பதே அறிஞர் பலரின் எண்ணமாக இருந்தது. ஆய்வோ வேறு கூறியது. நோயுற்றோரில் மிகப் பெரும்பாலோர் தம் குறிகளை உணர்ந்திருந்தனர். பாதிக்கு மேற்பட்டோர் மருத்துவ நிலையத்தை நாடியும் இருந்தனர். ஆனால் இருமல் மருந்துப் புட்டியோடு திருப்பி அனுப்பப்பட்டிருந்தனர்! குறையைக் கண்டபின் முறை மாறியது. மக்கள் செல்லும் பொது மருத்துவ நிலையத்திலேயே சளியை ஆராய வேண்டும் என்னும் தேசியத் திட்டம் 1962இல் உருவாயிற்று. தும்கூர் உழவர் வாய்திறந்து சொன்னதால் விளைந்த நன்மையில் அதுவும் ஒன்று. அறுபது ஆண்டு கழித்து, படித்த நாங்கள் வாய்மூடி இருந்தோம் என்பதை எண்ணும்போது நாணுகிறோம்.

சொல்லும் முறை

சொல்வதிலும் ஒரு முறை உண்டு. "கொஞ்சம் இருமல்" என்று சொன்னால் கொஞ்சம் மருந்தே கிடைக்கும். ஒரு சிறு குறிப்பேடு வைத்துக்கொள்ளுங்கள். இருமல் தொடங்கிய நாள், மாலை வெப்ப அளவு, வாரம் ஒருமுறை எடை, மாடிப்படி ஏறுகையில் எத்தனையாவது படியில் மூச்சு வாங்குகிறது என்பன போன்றவற்றை ஒவ்வொரு வரியாய் எழுதுங்கள். மருத்துவரிடம் சென்றதும் முதல் வாக்கியமாக, "நுரையீரலில் முடிச்சு இருக்கிறது, இன்ன நாளில் மறுபடம், அதன் பின் புதிதாக இது தோன்றியிருக்கிறது" என்று கூறுங்கள். பழைய படத்தையும் வட்டையும் கையோடு கொண்டு செல்லுங்கள். பழையது இல்லாமல் புதியதை ஒப்பிட இயலாது. சுரங்கம், கல்லுடைப்பு, பஞ்சாலை, புகைப்பழக்கம் எதையும் மறைக்காதீர்கள். "இதற்காக நாளை முன்தள்ள வேண்டுமா?" என்று நேரே கேளுங்கள். தேவையில்லை என்று அவர் சொன்னால், எந்தக் குறி வந்தால் மீண்டும் வர வேண்டும் என்றும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். காசநோய்க்குரிய சளிப் பரிசோதனையும் மருந்தும் அரசு மருத்துவமனைகளில் விலையின்றிக் கிடைக்கின்றன. 1800 11 6666 என்னும் எண்ணில் வழி கேட்கலாம்.

அருகிருப்போர் கடமை

திருக்குறளில் மருந்து என்னும் அதிகாரத்தின் முடிவில், மருத்துவத்திற்கு நான்கு உறுப்புகளை வள்ளுவர் வகுத்திருப்பதை நீங்கள் அறிவீர்கள். நோயுற்றவன், மருத்துவன், மருந்து என்னும் மூன்றோடு, அருகிருந்து உதவுபவனையும் நான்காவதாகச் சேர்த்திருக்கிறார். நாங்கள் தவறியது அந்த நான்காம் இடத்தில்.

காத்திருப்பவரிடம், "ஒன்றும் இருக்காது" என்று நாம் சொல்லிவிடுகிறோம். அன்பால்தான் சொல்கிறோம். ஆனால் அச்சொல்லைக் கேட்டவர் அதன் பின் தம் அச்சத்தைச் சொல்ல இடமின்றிப் போகிறார். கைக்குட்டையைத் தாமே துவைக்கிறார். "என்ன இருந்தாலும் சேர்ந்து பார்ப்போம்" என்பதே சொல்லத் தக்க சொல் என்று இப்போது அறிந்தோம். உறக்கம் வராத இரவில் அருகில் அமர்ந்து பழங்கதை பேசுவதும், மருத்துவமனைக்குத் தனியே அனுப்பாதிருப்பதும், வீட்டில் ஊதுவத்திப் புகையையும் சிகரெட்டுப் புகையையும் நிறுத்துவதும் சிறிய உதவிகள் போலத் தோன்றும். பெறுபவர்க்கு அவை சிறியன அல்ல.

தந்தையாரின் சளி ஆய்வுக்குச் சென்றிருக்கிறது. ஸ்கேன் நாளும் முன்தள்ளப்பட்டு, வரும் புதன்கிழமை எடுக்கப்பட இருக்கிறது. முடிவு யாதாகும் என்று நாங்கள் அறியோம். ஆயினும் வீட்டில் இப்போது ஓர் அமைதி நிலவுகிறது. மறைப்பதற்கு ஒன்றும் இல்லாத வீட்டின் அமைதி அது. விழாவுக்கு வரும்படி அழைத்தபோது, "இருமினால் பாட்டுக்கு இடைஞ்சல்" என்று கூறி வீட்டிலேயே தங்கிவிட்டார். இங்கு என்ன பேசப் போகிறோம் என்பதைச் சொல்லி அவர் இசைவைப் பெற்றே வந்தோம். "தங்கவயல் ஆட்கள் வந்திருப்பார்கள், அவர்களுக்குக் கேட்கும்படி உரக்கச் சொல்லுங்கள்" என்றார்.

உரக்கச் சொல்லிவிட்டோம். உங்கள் வீட்டு நாட்காட்டிக்குப் பின்னாலும் அப்படியொரு சீட்டு இருக்குமாயின், இன்றிரவு அதை எடுத்துப் பாருங்கள். அதற்குரியவரிடம், "அதன் பின் புதிதாக ஏதேனும் உண்டா?" என்று ஒருமுறை கேளுங்கள். கேட்டுவிட்டு, விடை வரும்வரை அருகில் இருங்கள்.