பிடிக்காத பேச்சுக்கும் காவல்



இன்று பேசவிருக்கும் தலைப்பு கொஞ்சம் பெரியது. மனதில் பட்டதைச் சொல்லும் உரிமை ஒரு பக்கம். யார் மனமும் நோகாமல் பேச வேண்டும் என்ற கவனம், அதாவது இளைஞர்கள் பொலிடிகல் கரெக்ட்னஸ் என்று சொல்கிறார்களே, அது இன்னொரு பக்கம். இரண்டும் முட்டிக்கொள்ளும்போது எந்தப் பக்கம் நிற்பது? பேருந்திலும் குடும்ப வாட்ஸ்அப் குழுவிலும் கல்லூரி கேன்டீனிலும் இந்தச் சண்டை நடந்துகொண்டேதான் இருக்கிறது.

நான் சட்டக் கல்லூரியில் அரசியலமைப்புச் சட்டம் நடத்தும் ஆசிரியர். எதையும் வழக்குகள் வழியாகப் பார்த்தே பழகிவிட்டது. இன்றும் சில வழக்குகளைத்தான் சொல்லப்போகிறேன். அவற்றில் ஒன்று என் மனதுக்கு மிக நெருக்கமானது. அதில் சற்று அதிக நேரம் நின்றுவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் 1950. ஜனவரி 26 அன்று அரசியலமைப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. மார்ச் 1ஆம் தேதி, சென்னை மாகாண அரசு ஓர் ஆணை போட்டது. பம்பாயிலிருந்து ரொமேஷ் தாப்பர் நடத்திய ‘கிராஸ் ரோட்ஸ்’ என்ற ஆங்கில வார இதழ் இந்த மாகாணத்துக்குள் வரக் கூடாது, விற்கக் கூடாது என்று. அது இடதுசாரி இதழ். இங்கே கம்யூனிஸ்ட் கட்சியே தடைசெய்யப்பட்டிருந்த காலம் அது. தாப்பர் நேராக உச்ச நீதிமன்றம் போனார். மே மாதமே தீர்ப்பு வந்துவிட்டது. எழுதியவர் சென்னையில் வழக்கறிஞராக இருந்து உயர்ந்த நீதிபதி பதஞ்சலி சாஸ்திரி. பொது அமைதி என்ற பொத்தாம்பொதுவான காரணத்தைச் சொல்லி ஒரு பத்திரிகையைத் தடுக்க அரசியலமைப்பு இடம் தரவில்லை என்று அவர் எழுதினார். தடை செல்லாது என்றானது.

அடுத்த ஆண்டே நாடாளுமன்றம் அரசியலமைப்புச் சட்டத்தைத் திருத்தியது. முதல் திருத்தம் அதுதான். பொது ஒழுங்கைக் காரணம் காட்டியும் பேச்சைக் கட்டுப்படுத்தலாம் என்று சேர்த்தார்கள். கூடவே, அந்தக் கட்டுப்பாடு நியாயமானதாக இருக்க வேண்டும் என்றும் சேர்த்தார்கள். நியாயமானதா இல்லையா என்பதை யார் பார்ப்பது? நீதிமன்றம். ஆகவே அன்றிலிருந்து இன்றுவரை, அரசு யார் வாயையாவது அடைக்கும்போதெல்லாம் நீதிமன்றத்தில் கேட்கப்படும் கேள்வி ஒன்றுதான்: இது நியாயமா?

 இனி நான் சொல்ல வந்த வழக்குக்கு வந்துவிடுகிறேன்.

நேயர்களில் ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கு ‘ஒரே ஒரு கிராமத்திலே’ என்ற படம் நினைவிருக்கலாம். லட்சுமி நடித்தது. பிராமணக் குடும்பத்தில் பிறந்த ஒரு பெண் பொய்யான சாதிச் சான்றிதழ் பெறுகிறாள். கருப்பாயி என்ற பெயரில் ஆதிதிராவிடர் என்று படித்து, ஐ.ஏ.எஸ். அதிகாரியாகிறாள். ஒரு கிராமத்துக்கு நல்லது செய்கிறாள். பிறகு உண்மை வெளியே வருகிறது. சலுகைகளைச் சாதியை வைத்துத் தரக் கூடாது, வறுமையை வைத்துத் தர வேண்டும் என்பது படத்தின் வாதம்.

தமிழ்நாட்டில் இந்த வாதத்தைப் படமாக எடுத்தால் என்ன நடக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தணிக்கையில் முதலில் பார்த்த குழு சான்றிதழ் தர மறுத்தது. மறுஆய்வுக் குழு ‘யு’ சான்றிதழ் தந்தது. அதை எதிர்த்து வழக்கு. சென்னை உயர் நீதிமன்றத்தில் இரண்டு நீதிபதிகள் அமர்வு சான்றிதழை ரத்து செய்தது. தயாரிப்பாளர் ரங்கராஜன் உச்ச நீதிமன்றம் போனார். இதற்கிடையில் அந்தப் படத்துக்குத் தேசிய விருதும் கிடைத்தது. விருது பெற்ற படம், திரையிட வழியில்லாமல் கிடந்தது.

இங்கே என்னைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். இட ஒதுக்கீடு இல்லையென்றால் சட்டக் கல்லூரி வாசலை மிதித்திருக்க மாட்டேன். வறுமையை மட்டும் பார்த்தால் போதும் என்ற வாதம் என்னைப் பொறுத்தவரை தவறு. ஏனென்றால் எங்கள் தெருவுக்குள் டீக்கடைக்காரர் வராததற்குக் காரணம் எங்கள் வறுமை அல்ல. அந்தப் படம் சொல்வதை நான் ஏற்கவில்லை, இனியும் ஏற்கப்போவதில்லை. ஆனால் அந்தப் படத்துக்குக் கிடைத்த தீர்ப்பை, நான் படித்த தீர்ப்புகளிலேயே மிகவும் நேசிக்கிறேன்.

1989 மார்ச் 30. நீதிபதி ஜெகந்நாத ஷெட்டி எழுதிய தீர்ப்பு. தமிழ்நாடு அரசுத் தரப்பில், இந்தப் படம் ஓடினால் மக்கள் கொந்தளிப்பார்கள் என்று வாதிடப்பட்டது. நீதிமன்றம் சொன்ன பதிலை என் வார்த்தைகளில் சொல்கிறேன். ஆபத்து வரலாம், வரக்கூடும் என்ற ஊகம் போதாது. அந்தப் பேச்சுக்கும் ஆபத்துக்கும் நேரடித் தொடர்பு இருக்க வேண்டும். வெடிமருந்துப் பீப்பாய்க்குள் விழுந்த தீப்பொறிபோல, பேசிய உடனே வெடிக்கும் நிலை இருக்க வேண்டும். அரசின் கொள்கையை விமர்சிப்பது தடைக்குக் காரணமாகாது. ஊர்வலம் போவோம், கலவரம் வரும் என்று யாரோ மிரட்டுவதற்காக ஒருவர் பேச்சை நிறுத்தினால், அது மிரட்டியவரிடம் சட்டத்தின் ஆட்சியை ஒப்படைப்பதாகும். எதிர்ப்பாளர்களைச் சமாளிக்க எங்களால் முடியாது என்று அரசு கைவிரிக்கக் கூடாது. பேசுகிறவரைப் பாதுகாப்பது அரசின் கடமை.

நேயர்களே, இந்தக் கடைசி வரியைக் கவனியுங்கள். நம் ஊரில் கூட்டம் ஒன்றில் தகராறு வந்தால் போலீஸ் முதலில் யாரிடம் வரும்? மேடையில் இருப்பவரிடம்தான். ‘சார், பிரச்சினை வேண்டாம், சீக்கிரம் முடிச்சிடுங்க’ என்பார்கள். கல் எறிய வந்தவர் நின்றுகொண்டிருப்பார். மைக் பிடித்தவர் இறங்க வேண்டும். இந்த வழக்கத்தைத்தான் அந்தத் தீர்ப்பு தவறு என்றது.

ஒவ்வோர் ஆண்டும் இந்த வழக்கை எங்கள் மாணவர்களுக்கு மாதிரி நீதிமன்றப் பயிற்சியாகத் தருவேன். ஒரு விதி வைத்திருக்கிறேன். எந்தத் தரப்பு பிடிக்காதோ, அந்தத் தரப்புக்காகத்தான் வாதாட வேண்டும். ஒருமுறை ஒரு மாணவி என் அறைக்கு வந்து நின்றாள். அவளும் குடும்பத்தில் முதல் பட்டதாரி. கண் சிவந்திருந்தது.

“சார், இந்தப் படத்துக்காக நான் பேச மாட்டேன். எங்க அப்பா கேட்டா என்ன சொல்வேன்?”

“படத்துக்காகப் பேச வேண்டாம்மா. அது ஓடுற தியேட்டருக்காகப் பேசு. முடியலைன்னா வேற வழக்கு தர்றேன்” என்றேன்.

வேறு வழக்கு கேட்டு அவள் வரவில்லை. வாதத்தின் அன்று எழுந்தாள். முதல் பத்து நிமிடம் தாளைப் பார்த்துப் படித்தாள். பிறகு தாளை வைத்துவிட்டுச் சொன்னாள்: “கனம் நீதிபதி அவர்களே, இந்தப் படம் என்னைப் போன்றவர்களை அவமதிக்கிறது. இதை எதிர்த்து நான் துண்டறிக்கை எழுதுவேன், தியேட்டர் வாசலில் நின்று கொடுப்பேன். ஆனால் நாளை என் ஊரில் சாதி மறுப்புத் திருமணத்தைப் பற்றி நான் நாடகம் போடுவேன். ஊர்ப் பெரியவர்கள் கொதிப்பார்கள். கலாட்டா வரும், நாடகம் வேண்டாம் என்று தாசில்தார் சொல்வார். அப்போது கையில் காட்ட எனக்கு ஒரு தீர்ப்பு வேண்டும். அது இந்தத் தீர்ப்புதான்.”

நீதிபதி வேடத்தில் இருந்த சக ஆசிரியர் குறிப்பெடுப்பதை நிறுத்திவிட்டார். இந்தத் தலைப்பில் நான் சொல்ல நினைப்பது எல்லாம் அந்தப் பெண் சொன்னதற்குள் அடங்கிவிட்டது. எண்ணிக்கையில் குறைந்தவர்களுக்கு, ஊரை எதிர்த்துப் பேச வேண்டியவர்களுக்கு, பேச்சுச் சுதந்திரம் மற்றவர்களைவிட அதிகம் தேவை. ஊர் சொல்வதையே சொல்கிறவருக்கு எந்தச் சட்டப் பாதுகாப்பும் தேவைப்படாது.

அவள் சொன்ன தாசில்தார் கற்பனை இல்லை என்பதைத் திருச்செங்கோடு காட்டியது. பெருமாள்முருகனின் ‘மாதொருபாகன்’ நாவல் 2010இல் வந்தது. நான்கு ஆண்டுகள் அமைதியாக வாசிக்கப்பட்டது. 2014 டிசம்பரில் திருச்செங்கோட்டில் எதிர்ப்பு கிளம்பியது, நூல் எரிக்கப்பட்டது, கடையடைப்பு நடந்தது. 2015 ஜனவரி 12 அன்று நாமக்கல் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் அமைதிப் பேச்சுவார்த்தை. அங்கே அவர் நிபந்தனையற்ற மன்னிப்பு கேட்டுக் கையெழுத்திட்டார். எழுத்தாளன் பெருமாள்முருகன் செத்துவிட்டான் என்று முகநூலில் அறிவித்தார். 2016 ஜூலை 5 அன்று சென்னை உயர் நீதிமன்றம், தலைமை நீதிபதி சஞ்சய் கிஷன் கவுல், நீதிபதி புஷ்பா சத்யநாராயணா அமர்வு, அந்தப் பேச்சுவார்த்தை முடிவு அவரைக் கட்டுப்படுத்தாது என்றது. பிடிக்காத புத்தகத்தை மூடி வைக்கலாம் என்றது. அவரை மறுபடி எழுதச் சொல்லி முடித்தது. அந்த ஆண்டே ‘பூனாச்சி’ வந்தது. அந்த ஒன்றரை ஆண்டு மௌனம் தொடர்ந்திருந்தால் தமிழுக்கு எவ்வளவு நட்டம் என்று எண்ணிப் பாருங்கள்.

தீர்ப்புகள் இருந்தாலும் பேச்சைத் தடுக்க இப்போது வேறு வழி வந்திருக்கிறது. நானே பார்த்தேன். ஒரு சிறு நகரத்தில் வாசகர் வட்டம் ஒன்று என்னைப் பேச அழைத்திருந்தது. மதமாற்றத் தடைச் சட்டங்கள் பற்றிய உரை. முந்தின நாள் இரவு, மண்டப உரிமையாளருக்கு யாரோ போன் செய்திருக்கிறார்கள். காலையில் மண்டபத்தில் மராமத்து வேலை என்று பூட்டு தொங்கியது. தடை ஆணை கிடையாது, வழக்குப் போட எதிராளியும் கிடையாது. இப்படி நின்றுபோகும் கூட்டங்களுக்குக் கணக்கே இல்லை. மண்டபம் வைத்திருக்கும் நேயர்களே, அச்சகம் நடத்தும் நேயர்களே, அப்படி ஒரு போன் வந்தால் உடனே பூட்டைத் தேடாதீர்கள். காவல் நிலையத்தில் ஒரு மனு கொடுங்கள். சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது.

அப்படியானால் எதை வேண்டுமானாலும் பேசலாமா என்று கேட்பீர்கள். கூடாது. பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மீதான வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் ஒரு நல்ல எல்லைக்கோடு போடுகிறது. பொதுப் பார்வையில் இவர்களில் ஒருவரைச் சாதிப் பெயர் சொல்லித் திட்டினால் அது குற்றம். இட ஒதுக்கீடு தவறு என்று மேடையில் பேசுவது கருத்து. அதற்கு என்னிடம் பதில் உண்டு. எதிரில் நிற்கும் மனிதரைச் சாதி சொல்லி இழிவுபடுத்துவது அவரைப் பதில் பேச முடியாமல் ஆக்குவதற்கான தாக்குதல். ஒரு சமூகத்தை அடி, விரட்டு என்று கூட்டத்தைத் தூண்டுவதும் அப்படித்தான்.

இந்த எல்லைக்கு உள்ளே பரந்த வெளி ஒன்று இருக்கிறது. அங்கே சட்டத்துக்கு வேலை இல்லை. நம் பண்புக்குத்தான் வேலை. மாற்றுத்திறனாளி, திருநங்கை, திருநம்பி என்றெல்லாம் இன்று இயல்பாகச் சொல்கிறோம். சென்னை உயர் நீதிமன்றத்தின் முயற்சியால் 2022இல் தமிழ்நாடு அரசு பாலினச் சொற்பட்டியல் ஒன்றை அரசிதழிலேயே வெளியிட்டது. ‘இதையும் சொல்லக் கூடாது, அதையும் சொல்லக் கூடாதா?’ என்று அலுத்துக்கொள்கிறவர்களிடம் நான் சொல்வது: உங்கள் கருத்து எதையும் யாரும் பறிக்கவில்லை. எந்தக் கருத்தையும் எதிராளியின் மரியாதை கெடாமல் சொல்ல முடியும். பழைய சொல்லைத் தெரியாமல் சொல்லிவிட்ட தாத்தாவைத் திரையில் போட்டு ஊர் கூடித் திட்டும் இளைஞர்களிடமும் அதே பணிவோடு கேட்கிறேன்: அவருக்குச் சொல்லிக் கொடுங்கள், அவர் வேலையைப் பறிக்க வேண்டாம். பயந்து திருத்திக்கொண்டவர் வீட்டுக்குள் பழையதையே பேசுவார். புரிந்து திருத்திக்கொண்டவர் தன் பேரனுக்கும் அதைச் சொல்லித் தருவார்.

நேரம் முடியப்போகிறது. மரியாதையான சொல்லை நாமாக விரும்பித் தர வேண்டும். பேசும் உரிமையை அரசு கட்டாயம் காக்க வேண்டும், நமக்குப் பிடிக்காதவர் பேசும்போதும். இந்த வாரம் உங்கள் ஊரில் உங்களுக்குக் கோபமூட்டும் ஒரு கூட்டம் நடந்தால், போய் உட்கார்ந்து முழுவதும் கேளுங்கள். கேள்வி நேரத்தில் எழுந்து உங்கள் பதிலைச் சொல்லுங்கள். அடுத்த வாரம் அதே மண்டபத்தில் உங்கள் கூட்டத்தைப் போடுங்கள். அவர்களும் வந்து கேட்பார்கள் என்று நம்புகிறேன்.