பெரிய டயரும் பிக்-அப் வண்டியின் போக்கும்
(தோட்ட மக்களுக்காக ஆற்றப்பட்ட உரை)



உலகில் உற்பத்தியாகும் இயற்கை ரப்பரில் ஏறத்தாழ பத்தில் ஏழு பங்கு டயர் செய்வதற்கே செல்கின்றது. வைகறையில் விளக்குடன் நிறைக்குச் சென்று நீங்கள் சீவி எடுக்கும் பாலின் பெரும்பகுதி, கடைசியில் ஏதோ ஒரு வண்டியின் காலடியில்தான் போய்ச் சேருகின்றது. பெல்பாஸ்ட் நகரில் கால்நடை மருத்துவராக இருந்த ஜான் பாய்ட் டன்லப், தம் மகனுடைய மூன்று சக்கர வண்டிக்காகக் காற்றடைத்த டயரைச் செய்து, 1888ஆம் ஆண்டில் அதற்குக் காப்புரிமை பெற்றார். அந்தச் சிறுவனின் வண்டி குலுங்காமல் ஓட வேண்டும் என்பதே அவர் நோக்கம். இன்றோ டயரைப் பெரிதாக்கி வண்டியையே குலுங்கவைக்கும் வழக்கம் ஒன்று பரவி வருகின்றது. அதைப் பற்றியே இன்று பேச எண்ணுகின்றோம்.

தோட்டப்புறங்களில் பிக்-அப் வண்டிகள் பெருகிவிட்டன. நிருவாகத்தின் வண்டி ஒருபுறம். குத்தகைக்காரரின் வண்டி மறுபுறம். உழைத்துச் சேர்த்த பணத்தில் முன்பணம் கட்டி நம் இளைஞர் வாங்கிய வண்டிகளும் உண்டு. வாங்கிய சில மாதங்களில் பலருக்கு ஓர் ஆசை பிறக்கின்றது. தொழிற்சாலை பொருத்திய டயரைக் கழற்றிவிட்டு, உயரமும் அகலமும் மிக்க முரட்டு டயர்களை மாட்டுகின்றனர். பார்வைக்கு வண்டி கம்பீரமாகத்தான் இருக்கின்றது. அதை நாம் மறுக்கவில்லை.

ஆசை வீண் என்று சொல்லவும் நாம் வரவில்லை. பெரிய டயருக்கு உண்மையான பயன் ஒன்று உண்டு. பிக்-அப் வண்டியின் பின் அச்சு நடுவே உருண்டையாகத் தொங்கும் பல்சக்கரப் பெட்டிதான் மேட்டிலும் கல்லிலும் முதலில் இடிபடுவது. வண்டியின் உடலை விற்சுருளால் எவ்வளவு உயர்த்தினாலும் அந்தப் பெட்டி உயராது. டயர் பெரிதானால் மட்டுமே உயரும். மழைக்காலத்தில் பால் லோரிகள் உழுதுவிட்ட தடங்களின் நடுமேட்டைக் கடப்பதற்கு அந்தச் சிறு உயரமும் உதவும். ஆனால் அந்த உயரத்திற்கு நாம் கொடுக்கும் விலை என்ன என்பதைக் கணக்கிட்டுப் பார்த்தவர் மிகச் சிலரே.

கணக்கைத் தொடங்குவோம். டயரின் பக்கவாட்டில் பொறித்திருக்கும் எண்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். 265/65 ஆர் 17 என்பது பல பிக்-அப் வண்டிகளில் காணப்படும் அளவு. 265 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 65 என்பது பக்கச்சுவரின் உயரம், அகலத்தில் நூற்றுக்கு எத்தனை பங்கு என்பதைக் குறிப்பது. 17 என்பது உள்ளே இருக்கும் இரும்பு வளையத்தின் விட்டம், அங்குலத்தில். இவற்றைக் கொண்டு கூட்டினால் டயரின் முழு உயரம் 776 மில்லிமீட்டர் வரும். இதற்கு மாற்றாக 285/70 ஆர் 17 டயரை ஒருவர் மாட்டுகின்றார் என்று கொள்வோம். அதன் உயரம் 831 மில்லிமீட்டர். வேறுபாடு 55 மில்லிமீட்டர். விரல் இரண்டு மூன்றின் அகலம்தான். அச்சு உயர்வது அதில் பாதி, அதாவது 27 மில்லிமீட்டர். இவ்வளவுதானா என்று தோன்றும். ஆனால் நூற்றுக்கு ஏழு பங்கு பெரிதாகிவிட்டது என்று பார்த்தால் கதை வேறாகின்றது.

முதலில் வேகமானியை எடுத்துக்கொள்வோம். அது சாலையைப் பார்ப்பதில்லை. சக்கரம் எத்தனை சுற்றுச் சுற்றியது என்பதை மட்டுமே எண்ணுகின்றது. பழைய டயர் ஒரு கிலோமீட்டருக்கு 410 தடவை சுற்றிற்று. புதிய டயர் 383 தடவையே சுற்றும். எனவே முள் 90 கிலோமீட்டர் என்று காட்டும்போது, கணக்குப்படி வண்டி 96 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருக்கும். பொதுவாக வேகமானிகள் சற்றுக் கூட்டிக் காட்டும்படியே செய்யப்படுகின்றன. ஆகவே உண்மை வேறுபாடு சிறிது குறையலாம். ஆயினும் ஓட்டுநருக்கு இருந்த அந்தச் சிறு காப்பும் போய்விடுகின்றது. கூட்டரசுச் சாலையில் வேகச் சோதனைக் கருவியின்முன் "என் முள் தொண்ணூறுதானே காட்டிற்று" என்று சொல்லிப் பயனில்லை.

தூரமானியும் அவ்வாறே பின்தங்கும். பத்தாயிரம் கிலோமீட்டரில் எண்ணெய் மாற்ற வேண்டிய வண்டி, முள் அந்த எண்ணை அடையும்போது 10,700 கிலோமீட்டர் ஓடியிருக்கும். பெரிய டயர் மாட்டியபின் எண்ணெய்ச் செலவு திடீரென ஏறிவிட்டது என்று குறைகூறுவோர் உண்டு. ஏறுவது உண்மைதான், ஆனால் அவர்கள் கணக்கிடும் தூரமே குறைவாகப் பதிவாவதால், ஏற்றம் இருப்பதைவிடப் பெரிதாகத் தெரிகின்றது.

அடுத்து பிரேக். உயிருக்கு உலைவைப்பது இதுதான் என்பதால் சற்று நின்று பார்க்க வேண்டும். பிரேக் பிடிப்பது சக்கரத்தின் நடுவே. வண்டி நிற்பது டயரின் விளிம்பு சாலையைப் பற்றுவதால். நடுவுக்கும் விளிம்புக்கும் உள்ள தொலைவு கூடினால், அதே மிதிக்குச் சாலையில் கிடைக்கும் தடுப்பு விசை குறைகின்றது. மேற்சொன்ன டயரில் அது நூற்றுக்கு ஆறரைப் பங்கு குறையும். மறுபுறம், முள் 90 காட்டும்போது வண்டி 96இல் போகின்றது அல்லவா? வேகம் ஏழு பங்கு கூடினால், ஓடும் வண்டியில் அடங்கிய ஆற்றல் ஏறத்தாழ பதினான்கு பங்கு கூடுகின்றது. அடக்க வேண்டிய ஆற்றல் கூடிவிட்டது. அடக்கும் விசையோ குறைந்துவிட்டது. இன்னும் அழுத்தி மிதித்தால் நிற்காதா என்றால், நிற்கும். ஆனால் சரக்கோடு மலைச் சரிவில் நெடுந்தூரம் இறங்கும்போது பிரேக் சூடேறித் தளரும் நிலை முன்னரே வந்துவிடும். முரட்டு டயர் எடையும் மிக்கது. சுழலும் எடையை நிறுத்துவது, தட்டில் கிடக்கும் அதே எடையை நிறுத்துவதைவிடக் கடினம்.

இழுவையிலும் இதே கணக்குத்தான். நூற்றுக்கு ஆறரைப் பங்கு இழுக்கும் விசை குறைகின்றது. முன்பு இரண்டாம் கியரில் ஏறிய மேட்டில் இப்போது முதல் கியருக்கு இறங்க வேண்டிவரும்.

இனி வண்டி கவிழ்வதைப் பற்றி. தோளில் கம்பு வைத்து இருபுறமும் பால் வாளிகளைத் தொங்கவிட்டு, படிக்கட்டாக வெட்டிய மலை நிறைகளில் இறங்கியவர்களுக்கு நாம் இதை விளக்க வேண்டியதில்லை. அதே பாலைத் தலைமேல் வைத்துக்கொண்டு அந்தத் திருப்பத்தில் திரும்பிப் பாருங்கள். எடை ஒன்றுதான், உயரம் மாறியதும் கால் தடுமாறுகின்றது. வண்டியும் இவ்வாறே. எடையின் மையம் எவ்வளவு உயரத்தில் இருக்கின்றது, இரு பக்கச் சக்கரங்களுக்கும் இடையே எவ்வளவு அகலம் இருக்கின்றது என்னும் இரண்டையும் பொறுத்தே அது கவிழ்வதும் கவிழாததும். டயர் மட்டுமே 27 மில்லிமீட்டர் உயர்த்துகின்றது. டயர் உரசாதிருப்பதற்காக வண்டியின் உடலையும் இரண்டு அங்குலம் தூக்கினால் மொத்தம் 78 மில்லிமீட்டர் ஆகிவிடும்.

இதோடு ரப்பர் பால் ஏற்றினால் என்னாகும்? ஆயிரம் லிட்டர் பால் ஏறத்தாழ ஒரு டன் எடை. தொட்டி நிறைந்திருந்தால் பால் அசையாது. பாதி இருந்தால் வளைவில் ஒருபுறம் பாய்ந்து சேரும். வண்டி சாயும் பக்கமாகவே அதுவும் பாயும் என்பதுதான் கொடுமை. அந்த நேரத்தில் தட்டில் ஆட்கள் அமர்ந்திருந்தால் என்ன நேரும் என்பதை விவரிக்க நமக்கு மனமில்லை. சரக்குத் தட்டில் ஆளை ஏற்றுவதே முறையன்று; உயர்த்திய வண்டியில் ஏற்றுவது அதனினும் பெரிய தவறு.

உயரமான பக்கச்சுவர் வேறொரு வகையிலும் வண்டியின் போக்கை மாற்றுகின்றது. பழைய டயரின் சுவர் 172 மில்லிமீட்டர், புதியது 200. சுவர் உயர உயர அது நெகிழும். ஸ்டியரிங்கைத் திருப்பியவுடன் வண்டி திரும்பாமல், சுவர் முதலில் வளைந்து, ஒரு நொடியின் சிறு பகுதி கழித்தே வண்டி கீழ்ப்படியும். குறுக்கே ஓடிவரும் நாயையோ சிறுவனையோ கண்டு சட்டென்று ஒடிக்கும் ஓட்டுநர், வண்டி கேட்கவில்லையே என்று மேலும் ஒடிப்பார். அப்போது இரண்டும் சேர்ந்து கேட்கும்.

அகலத்தைப் பற்றி நம்மவரிடையே ஒரு தவறான எண்ணம் உண்டு. அகன்ற டயர் எங்கும் நன்றாகப் பற்றும் என்பார்கள். ஆழமான சேற்றிலும் மணலிலும் அது அமிழாமல் மிதக்கும் என்பது சரியே. ஆனால் நம் தோட்டச் சாலை பெரும்பாலும் செம்மண். மேலே வழுக்கும் குழம்பு, அடியில் கெட்டித் தரை. அங்கே ஒடுங்கிய டயர் குழம்பை அறுத்துக்கொண்டு கெட்டித் தரையைப் பிடிக்கும். அகன்றது மேலேயே வழுக்கும். தார்ச் சாலையில் அடைமழை பெய்யும்போது நிலைமை இன்னும் மோசம். அகன்ற டயர் தன் முன்னுள்ள நீரை ஒதுக்க அதிக நேரம் தேவைப்படுவதால், குறைந்த வேகத்திலேயே நீரின்மேல் ஏறி மிதக்கத் தொடங்கும். காற்றுக் குறைந்திருந்தால் அதனினும் விரைவில் மிதக்கும். சேற்றுக்கென்று செய்த கட்டைப் பூக்கள் கொண்ட டயர் ஈரத் தாரில் பற்றுவதும் குறைவு. சேற்றில் பத்து நிமிடமும் தாரில் ஒரு மணி நேரமும் ஓடும் வண்டிக்குச் சேற்று டயர் எதற்கு என்று நாம் கேட்கத்தான் செய்வோம்.

பெரிய டயருக்கு இடம் தேடி, வளையத்தை வெளிப்புறமாகத் தள்ளிப் பொருத்துவதும் உண்டு. அப்போது பள்ளத்தில் விழும் ஒவ்வோர் அடியும் நீண்ட நெம்புகோலால் அடிப்பதுபோல் ஸ்டியரிங் மூட்டுகளையும் சக்கர பேரிங்கையும் தாக்கும். முழுமையாகத் திருப்பும்போது டயர் மட்கார்டில் உரசும். சில வண்டிகளில் பிரேக் குழாயிலும் உரசும். மட்கார்டுக்கு வெளியே நீட்டிய டயர் கல்லையும் சேற்றையும் வாரி வீசுவது பக்கத்தில் வரும் மோட்டார் சைக்கிள்காரரின் முகத்தில். வேலைக்கும் பள்ளிக்கும் மோட்டார் சைக்கிளை நம்பியிருக்கும் குடும்பங்கள் தோட்டத்தில் எத்தனை என்பது உங்களுக்குத் தெரியும்.

சிக்கனம் கருதி இரண்டு டயர் மட்டும் மாற்றுவோருக்கு ஒரு சொல். நான்கு சக்கர இயக்கம் உள்ள வண்டியில் முன்னும் பின்னும் உயரம் மாறக்கூடாது. நான்கு சக்கரத்தையும் பிணைத்து ஓட்டும்போது முன் அச்சும் பின் அச்சும் ஒரே கணக்கில் சுழல வேண்டும். டயர் மாறுபட்டால் ஒன்றை ஒன்று இழுத்து, இடையிலுள்ள பல்சக்கரப் பெட்டி முறுகிப் பழுதாகும். அதைச் சரிசெய்யும் செலவில் டயர் பல வாங்கலாம். மாற்று டயரும் அதே அளவில் இருக்க வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை; எனினும் அதைத்தான் பலர் மறக்கின்றனர்.

சட்டத்தின் நிலை தெளிவானது. 1987ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் கீழ், அனுமதியின்றி வண்டியின் அமைப்பை மாற்றுவது குற்றம். விபத்து நேர்ந்தபின், தெரிவிக்கப்படாத மாற்றத்தைக் காட்டிக் காப்புறுதி நிறுவனம் இழப்பீட்டில் சிக்கல் எழுப்பவும் இடமுண்டு. எனவே மாற்றுமுன் சாலைப் போக்குவரத்துத் துறையிடமும் காப்புறுதியாளரிடமும் கேட்டறிந்துகொள்க.

அப்படியானால் மேட்டு நிலத்தில் வேலைசெய்யும் வண்டிக்கு வழி யாது? தொழிற்சாலை குறித்த அளவிலேயே, கட்டான பூக்களும் உறுதியான சுவரும் கொண்ட டயர் கிடைக்கின்றது; பெரும்பாலோர்க்கு அதுவே போதும். ஓட்டுநர் பக்கத்துக் கதவைத் திறந்தால், தூணில் ஒட்டியிருக்கும் சீட்டில் ஏற்ற அளவும் காற்றழுத்தமும் அச்சிடப்பட்டிருக்கும். டயரின் அளவுக்குப் பின்வரும் எண்ணையும் பாருங்கள். 112 என்றிருந்தால், அந்த டயர் தாங்கக்கூடியது 1,120 கிலோகிராம் என்று பொருள். அகலமாக இருப்பதனாலேயே ஒரு டயர் அதிகம் தாங்கும் என்பதில்லை. கடைக்காரர் காட்டும் டயரின் எண் சீட்டில் உள்ளதைவிடக் குறைவானால் வாங்காதீர்கள்.

புதிய டயரை மாட்டி முதல் நூறு கிலோமீட்டர் ஓடுவதற்குள் வண்டியை நிறுத்தி, சக்கரத் திருகாணிகள் அனைத்தையும் மீண்டும் ஒருமுறை இறுக்குங்கள். அவ்வாறே ஸ்டியரிங்கை இருபுறமும் கடைசிவரை திருப்பி, பிரேக் குழாயருகே விரல் நுழையும் இடைவெளி இருக்கின்றதா என்று குனிந்து பாருங்கள். வெறும் வண்டியில் ஒருமுறை, சரக்கு ஏற்றியபின் ஒருமுறை.