கரையான் வருமுன் காப்போம்



எங்கள் நிலப் பத்திரத்தை அம்மா மரப்பெட்டியில் வைத்திருந்தார். பெட்டி தரையில், சுவரை ஒட்டி இருந்தது. மழைக்காலம் முடிந்து திறந்தோம். உள்ளே மண்ணும் கந்தலும்தான். நகல் வாங்க அப்பா பல நாள் கூலியை விட்டு அலைந்தார்.

கரையான் மண்ணுக்குள் வாழும். அதற்கு ஈரம் வேண்டும். வெளிச்சம் ஆகாது. அதனால் சுவரில் மண்ணால் கூடு கட்டி, அதற்குள்ளேயே ஏறி வரும். மரம், காகிதம், பருத்தித் துணி எல்லாவற்றையும் தின்னும். அந்தக் கூட்டைத் தட்டிவிட்டால் போதாது. வேறு வழியாக வரும்.

வந்தபின் விரட்ட, சுவரோரம் வரிசையாகத் துளை போட்டு மருந்து இறக்க வேண்டும். செலவு அதிகம். தின்ற மரமும் திரும்பாது.

வீடு கட்டும்போதே அஸ்திவார மண்ணில் மருந்து ஊற்றச் சொல்லுங்கள். அது விஷம். பழகிய ஆள்தான் செய்ய வேண்டும். கிணற்றருகே கூடாது.

கட்டிய வீடா? விறகைச் சுவரோரம் அடுக்காதீர்கள். விரிசலை அடையுங்கள். ஒழுகலை நிறுத்துங்கள். பெட்டியைக் கல்மேல், சுவரை விட்டுத் தள்ளி வையுங்கள். மாதம் ஒருமுறை பின்புறம் பாருங்கள்.

இன்று நமக்கு எழுத்துத் தெரியும். படிக்கப் பத்திரம் இருக்க வேண்டாமா? இன்றே பெட்டியை நகர்த்துங்கள்.